திவானை எதிர்த்த பத்திரிகாசிரியர்

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணைப் பார்த்தவர்களுக்கு மார்த்தாண்ட வர்ம மகாராஜாவைத் தெரியும். 1741-ல் டச்சுக்காரரை அவர் சேனை முறியடித்தது அங்கேதான். குளச்சலும் நாஞ்சில் நாடும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. பீரங்கிக்கு அஞ்சாத அந்தச் சமஸ்தானம் ஒரு சிறு பத்திரிகைக்கு அஞ்சிய காலமும் உண்டு.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை. 1878-ல் நெய்யாற்றின்கரையில் பிறந்தார். படிக்கும் நாளிலேயே அவருக்குப் பத்திரிகைப் பித்து. வக்கம் அப்துல் காதர் மௌலவி என்ற இஸ்லாமியப் பெரியார் 1905-ல் 'சுதேசாபிமானி'யைத் தொடங்கினார். மறு ஆண்டு அதன் ஆசிரியராகப் பிள்ளை அமர்ந்தார். என்ன எழுதுவது என்பதில் மௌலவி தலையிடவே இல்லை. இப்படிப்பட்ட முதலாளி எந்தக் காலத்திலும் அபூர்வம்!

லஞ்சம் வாங்கிய உத்தியோகஸ்தர்களைப் பிள்ளை வெளுத்து வாங்கினார். திவான் ராஜகோபாலாச்சாரியையும் விடவில்லை. திவானின் சொந்த நடத்தையையும் சுடுசொல்லால் தாக்கினார். அதை ஒப்பாதவர்களும் உண்டு.

எழுதியது பொய்யானால் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கலாம். பிள்ளையும் தம் ஆதாரங்களைக் காட்டியிருப்பார். அப்படி நடக்கவில்லை. 1910 செப்டம்பர் 26-ந் தேதி, மகாராஜாவின் உத்தரவுடன் போலீசார் வந்தனர். அச்சுக்கூடம் பறிமுதலாயிற்று. விசாரணையில்லை, வக்கீல் இல்லை. முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அனுமதியின்றித் திரும்பி வரக் கூடாது என்றும் தடை.

மனைவி கல்யாணி அம்மாள் எழுத்தாளர். கணவரோடு அவரும் ஊரைத் துறந்தார். சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்த நாட்களிலும் பிள்ளையின் பேனா ஓயவில்லை. பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் நூல் ஒன்றும், காரல் மார்க்ஸின் வரலாறும் 1912-ல் வெளிவந்தன. 1916 மார்ச் 28-ல் கண்ணூரில் காலமானார். அப்போது அவருக்கு 38 வயதுகூட நிரம்பவில்லை. பிறந்த மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

அவருக்குக் கிடைக்காத காப்பு பின்னாளில் மெல்ல மெல்ல வந்தது. பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956-ல் ஒரு சட்டம் பிறந்தது. பாராளுமன்றத்தில் நடந்ததைத் தீய நோக்கமின்றி உள்ளபடி வெளியிட்டால் வழக்கில்லை என்றது அது. நெருக்கடி நிலையில் பறிபோன அந்தச் சட்டம் 1977-ல் மீண்டது. 1994-ல் தமிழ்நாட்டின் 'நக்கீரன்' வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொல்லிற்று. கோர்ட் தஸ்தாவேஜு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதிகாரியின் உத்தியோக நடத்தையைப் பற்றி எழுதினால் அவர் எளிதில் நஷ்ட ஈடு கேட்க முடியாது. எழுதியது பொய்யென்றும், உண்மையைத் தேடாமல் அலட்சியமாக எழுதினார்கள் என்றும் அவர்தான் காட்ட வேண்டும். அச்சாகுமுன்பே தடுக்கவும் சர்க்காருக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒருவருடைய வீட்டு விஷயத்தை ஆதாரமின்றி எழுதினால் இந்தக் காப்பு உதவாது.

மௌலவி 1932-ல் மறைந்தார். பறித்த அச்சு இயந்திரத்தை, நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கேரள சர்க்கார் அவருடைய குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தது.