தோற்ற மாநிலத்திலும் களத்தில் நின்றவர்

ஒரு மாநிலத்தின் மக்கள் மனநிலை தனக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஓர் அரசியல் கட்சி அங்கே தொடர்ந்து போட்டியிட வேண்டுமா? அல்லது பணத்தையும் உழைப்பையும் வெல்லக்கூடிய மாநிலங்களுக்குத் திருப்பிவிட வேண்டுமா? ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கு முன்பும் தேசியக் கட்சிகளின் தலைமையகங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸும் மேற்கு வங்கத்தில் இடதுசாரிகளும் இன்று இந்தக் கேள்வியோடுதான் போராடுகிறார்கள். இதற்கு விடை தேடும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது காமராஜரின் வாழ்க்கை. குறிப்பாக, அதிகம் பேசப்படாத அவரது கடைசி எட்டு ஆண்டுகள்.

விருதுநகரில் 1903-இல் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி, விடுதலைப் போராட்டத்தில் பல ஆண்டுகள் சிறையில் கழித்து, 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானவர் அவர். அவருடைய ஆட்சிக்காலத்தின் கல்விப் பணியும் மதிய உணவும் அணைகளும் நாம் அனைவரும் அறிந்தவை. நான் இங்கே சொல்ல விரும்புவது, தேர்தல் களத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்பதை.

1954-இல் முதலமைச்சரானபோது அவர் சட்டப்பேரவை உறுப்பினர் அல்லர். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த ராஜாஜி மேலவை நியமனத்தின் வழியாக வந்தவர். காமராஜருக்கும் மேலவைக் கதவு திறந்தே இருந்தது. ஆனால், அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அது அவருடைய சொந்த ஊருக்கு அருகிலுள்ள தொகுதியும் அன்று. அதிகாரம் வாக்குச்சாவடி வழியாக வர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

காற்று திசை மாறுவதை அவர் 1957-இலேயே கண்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்த திராவிட முன்னேற்றக் கழகத்திலிருந்து 15 பேர் பேரவைக்குள் வந்தனர். 1962-இல் அந்தப் பதினைந்து பேரின் தொகுதிகளில் காங்கிரஸ் தனிக் கவனம் செலுத்தியது. காஞ்சிபுரத்தில் அண்ணா உள்பட 14 பேர் தோற்றனர். தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி மட்டுமே வென்றார். ஆனால், மொத்தக் கணக்கைப் பார்த்தால் திமுகவின் பலம் 50 ஆக உயர்ந்திருந்தது. காங்கிரஸ் ஒருபக்கம் அடைத்த வெள்ளம் மறுபக்கம் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சில இடங்களில் மட்டும் முழு பலத்தையும் குவிக்கும் உத்தியின் வரம்பைக் காட்டும் தேர்தல் அது.

அடுத்த ஆண்டே அவர் பதவியைத் துறந்தார். நாடாளுமன்ற இடைத்தேர்தல்களில் காங்கிரஸ் அடுத்தடுத்துத் தோற்றிருந்த நேரம் அது. மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பைவிட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் முன்வைத்த திட்டத்தின்படி, ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். அமைப்பு வாடினால் ஆட்சி நிலைக்காது என்பதே அத்திட்டத்தின் சாரம். அதன் பலன் தில்லியில் அவருக்குக் கிடைத்த செல்வாக்கு. விலை, தமிழ்நாட்டு நிர்வாகத்திலிருந்து அவர் விலகிப் போனது. மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் வந்தபோது கோட்டையில் அவர் இல்லை.

1967-இல் காங்கிரஸுக்குப் பேரவையில் 51 இடங்களே கிடைத்தன. மக்களவையில் 39-இல் மூன்று. அகில இந்தியத் தலைவராக இருந்த காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். ஆனால், மாநிலம் முழுவதும் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 41 சதவீதம். எதிர்க்கட்சிகள் ஓரணியில் திரண்டதால் இடங்கள் போயின. வாக்காளர்கள் முற்றிலுமாகப் போய்விடவில்லை.

இந்த வேறுபாட்டை காமராஜர் அறிந்திருந்தார் என்பதற்கு அடுத்து அவர் செய்தவையே சான்று. 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல், தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்தில் கட்சிக்கு ஆழமான வேர் இருந்தது. பாதுகாப்பான இடத்தைத் தேடிப் போனார் என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. வேர் உயிரோடு இருக்கும் இடத்திலிருந்துதானே மறுபடி துளிர்க்க முடியும் என்பது என் பதில்.

அதே ஆண்டு இறுதியில் காங்கிரஸ் பிளவுபட்டது. தமிழ்நாட்டில் தொண்டர்களில் பெரும்பகுதியினர் காமராஜரோடு நிறுவன காங்கிரஸில் நின்றனர். பெரும்பான்மை இழந்த இந்திரா காந்தியின் அரசுக்கோ மக்களவையில் திமுகவின் ஆதரவு தேவைப்பட்டது. 1971 தேர்தல் உடன்பாடு அந்தத் தேவையின் விளைவு. இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிகள் சிலவற்றைப் பெற்றுக்கொண்டு, சட்டப்பேரவைக்கு ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை ஆட்சியில் இருந்த மாநிலத்தில், 234 தொகுதிகளில் ஒன்றில்கூட அந்தக் கட்சியின் பெயரால் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

அன்றைய கணக்கில் அது லாபமே. மூன்றாக இருந்த மக்களவை இடங்கள் ஒன்பதாயின. காமராஜரின் அணிக்கோ பேரவையில் 15 இடங்களே கிடைத்தன; மக்களவைக்கு அவர் ஒருவர் மட்டும் நாகர்கோவிலிலிருந்து மீண்டும் சென்றார். நீண்டகாலப் போட்டியாளரான ராஜாஜியோடு கைகோத்தும் பயனில்லை. அரசியல் நோக்கர்கள் பலரும் காமராஜரின் கதை முடிந்துவிட்டதாகக் கருதியதில் வியப்பில்லை.

ஆயினும், அந்தப் பெருந்தோல்வியில் அவருடைய கட்சி பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 35 சதவீதம். தில்லியில் அதிகாரம் இல்லை, மாநிலத்தில் ஆட்சி இல்லை, நாடெங்கும் எதிர்க்காற்று. இவ்வளவுக்கும் நடுவே மூன்றில் ஒருவர் அவர் பக்கம் நின்றார். 1973-இல் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் எம்ஜிஆரின் புதிய கட்சி வென்றபோதும் இரண்டாம் இடம் நிறுவன காங்கிரஸுக்கே கிடைத்தது. ஆளுங்கட்சியான திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. மத்தியில் ஆண்ட இந்திரா காங்கிரஸ் வைப்புத்தொகையை இழந்தது. ஒரு காங்கிரஸ் களத்திலேயே இருந்தது, மற்றொன்று களத்தைக் கைவிட்டிருந்தது. அதன் விளைவு இரண்டே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

நெருக்கடி நிலை நாட்டை இருளில் ஆழ்த்தியிருந்த 1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் மறைந்தார். சில மாதங்களில் அவருடைய கட்சியின் பெரும்பகுதி இந்திரா காங்கிரஸில் இணைந்தது. எஞ்சியோர் பின்னர் ஜனதாவுக்குப் போயினர். 1977 பேரவைத் தேர்தலில் காங்கிரஸுக்கு 27 இடங்கள், ஜனதாவுக்கு 10. காமராஜர் கட்டிக்காத்த வாக்கு இரண்டாகக் கிழிந்தது.

அதன்பின் காங்கிரஸ் தேர்ந்துகொண்டது கூட்டணிப் பாதை. பேரவையில் பெரும்பங்கு மாநிலக் கட்சிக்கு, மக்களவையில் பெரும்பங்கு தேசியக் கட்சிக்கு என்ற பங்கீடு ஏறத்தாழ ஒரு சூத்திரமாகவே ஆனது. அந்தச் சூத்திரம் பல தேர்தல்களில் மக்களவை உறுப்பினர்களைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. 1989-இல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்றபோது ஏறத்தாழ 20 சதவீத வாக்குகளும் 26 இடங்களும் கிடைத்தன. 2014 மக்களவைத் தேர்தலில் மீண்டும் தனித்து நின்றபோது வாக்கு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது, ஓரிடமும் கிடைக்கவில்லை. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல உண்டு. பிளவுகள், கோஷ்டிப்பூசல், ஈழப் பிரச்சினை என்று அடுக்கலாம். ஆனால், பேரவைத் தேர்தலில் தொகுதிதோறும் சின்னத்தைக் காட்டி வாக்குக் கேட்கும் வழக்கம் அறுபட்டதே அவற்றுள் முதன்மையானது என்று நான் கருதுகிறேன்.

தேர்தலில் நிற்காத தொகுதியில் கட்சிக்கு வாக்குச்சாவடி முகவர் தேவைப்படுவதில்லை. வீடு வீடாகச் செல்லும் தொண்டர் தேவைப்படுவதில்லை. முதன்முறை வாக்களிக்கும் இளைஞருக்கு அந்தக் கட்சி அறிமுகமாவதே இல்லை. ஐந்தாண்டு கழித்து நிற்க நினைத்தாலும், நிறுத்த ஆள் இருப்பதில்லை. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட குடும்பத்துக்கு அன்றைய பசி தீரும்; அடுத்த பருவம் வயல் தரிசாகக் கிடக்கும்.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கட்சிகளிடம் உள்ள பணமும் ஆட்களும் அளவானவை. வெல்ல முடியாத இடத்தில் பிடிவாதமாக நின்று வாக்குகளைச் சிதறடித்தால், தான் விரும்பாத அணி வெற்றிபெறவும் வழி ஏற்படும். காமராஜரும் கூட்டணிக்கு எதிரானவர் அல்லர். 1971-இல் அவரும் கூட்டணி அமைத்தே நின்றார். ஆனால், அந்தக் கூட்டணியில் அவருடைய கட்சி மாநிலம் முழுவதும் வேட்பாளர்களோடு நின்றது. துணை தேடுவதற்கும் களத்தைக் காலி செய்வதற்கும் இடையேயுள்ள வேறுபாடு அது. அவ்வாறே, வேட்புமனு தாக்கல் செய்வது மட்டும் போட்டி ஆகாது. அமைப்பைக் கட்டாமல், தேர்தலுக்குத் தேர்தல் தலைவர்கள் வந்து பேசிவிட்டுப் போவதால் பயன் விளையாது என்பதை 1989 காட்டியது.

இன்னொன்றும் உண்டு. ஒரு கட்சி ஒரு மாநிலத்தைக் கைகழுவும்போது, அங்கே தனக்கு வாக்களித்துவரும் லட்சக்கணக்கானோரையும் சேர்த்தே கைகழுவுகிறது. அவர்கள் சிறுபான்மையினராக இருக்கலாம். ஆனால், தங்கள் கருத்தைச் சொல்ல ஒரு சின்னம் வேண்டும் என்ற உரிமை அவர்களுக்கும் உண்டு. 1971-இல் தமிழ்நாட்டில் அந்த மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு வாக்களிக்க ஓரிடம் இருந்தது என்றால், தோற்ற பிறகும் ஒருவர் களத்தைவிட்டு நகரவில்லை என்பதே காரணம்.

காமராஜர் மீண்டும் தமிழ்நாட்டை வெல்லவில்லை. ஆயுள் நீண்டிருந்தால் வென்றிருப்பார் என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். தனக்கு எதிராகத் திரும்பிய மாநிலத்தில் எட்டு ஆண்டுகள் ஒரு கட்சியை அவர் உயிரோடு வைத்திருந்தார் என்பது மட்டும் வரலாறு. லக்னோவிலும் கொல்கத்தாவிலும் இன்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், அடுத்த தேர்தலில் கிடைக்கக்கூடிய இடங்களோடு, அதற்கடுத்த தேர்தலில் தங்களுக்காக வாக்குச்சாவடியில் உட்கார ஆள் இருப்பாரா என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நல்லது.