மூணு தடவை தோத்த தலைவர்

அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் மூணு தடவை நின்னு, மூணு தடவையும் தோத்தவரைத் தெரியுமா? அவர்தான் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்.

1860 மார்ச் 19-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். வக்கீலுக்குப் படித்தார். பைபிளை அப்படியே நம்புகிற கிறிஸ்தவர். கடனில் தவிக்கும் விவசாயிகளுக்காகப் பேசினார். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்றார். 1896, 1900, 1908-ல் தோற்றாலும், 1913-ல் வெளியுறவு மந்திரி ஆனார். நாடு முதல் உலகப் போருக்குள் போயிடுமோன்னு பயந்து 1915-ல் பதவியையே விட்டார்!

அதே நம்பிக்கைதான் அவரை இன்னொரு பக்கமும் இழுத்தது. வலுத்தது வாழும், இளைத்தது சாகும் என்று பிள்ளைகள் படித்தால் இரக்கமே போய்விடும் என நினைத்தார். பள்ளியில் மனிதனின் பரிணாமப் பாடம் கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார். 1925-ல் டென்னசி மாநிலம் சட்டமே போட்டது. ஸ்கோப்ஸ் என்ற இளம் வாத்தியார் மேல் கேஸ். பிரையன் அரசு தரப்பில் வாதாடினார். எதிர் வக்கீல் டாரோ அவரையே சாட்சியாக்கி, பைபிளிலிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். உலகத்தைப் படைத்த ஆறு நாளும் 24 மணி நேர நாளாக இருக்கணும்னு இல்லை என்று பிரையனே ஒத்துக்கொண்டார்! வாத்தியாருக்கு 100 டாலர் அபராதம். தீர்ப்பு வந்து ஐந்தே நாளில், ஜூலை 26-ல், பிரையன் தூக்கத்திலேயே இறந்தார்.

சபைகளுக்குள் சண்டை ஓயவில்லை. அந்தச் சட்டம் 1967-ல்தான் நீங்கியது.

ஏழைக்காகப் பேசியவரும் அவர்தான், பாடத்தைத் தடுத்தவரும் அவர்தான். நல்லவர் சொன்னாலும் யோசிச்சுதான் ஏத்துக்கணும், இல்லையா?