தமிழைக் கீபோர்டுக்குள் அடக்கிய யாழ்ப்பாணத்துக்காரர்: யார் இந்த முத்தையா?

வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து தங்கும் ரூம்களில் இப்போதெல்லாம் ராத்திரி ஒரு புதுச் சத்தம் கேட்கிறது. ஒருவர் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு கேம் ஆடுகிறார். டக் டக் என்று மெக்கானிக்கல் கீபோர்டு அடிக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் தலையணையால் காதை மூடிக்கொள்கிறார்.

நல்ல கீபோர்டு எது, எந்த ஸ்விட்ச் வாங்கலாம், எத்தனை கீ இருக்க வேண்டும் என்று நாம் இன்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்பு இதைவிடப் பெரிய கேள்வி ஒருவருக்கு வந்தது. தமிழுக்கு ஒரு கீபோர்டு சாத்தியமா என்பதுதான் அது. சாத்தியம் என்று செய்து காட்டியவர் ஆர்.முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு

முத்தையா 1886 பிப்ரவரி 24 அன்று யாழ்ப்பாணத்தின் சுண்டிக்குளியில் பிறந்தார். தந்தை பெயர் இராமலிங்கம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்களுக்கு மலாயாவும் சிங்கப்பூரும்தான் இன்றைய ஓ.எம்.ஆர். ரயில்வே, தபால், தோட்டக் கம்பெனி என்று எங்கே பார்த்தாலும் கிளார்க் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. முத்தையாவும் 1907-ல் கப்பல் ஏறினார்.

முதலில் கொஞ்ச காலம் ரயில்வே வேலை. பிறகு ஐல்ஸ்பரி அண்ட் கார்லாண்ட் என்ற ஆங்கிலேய வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தார். 1930 வரை அங்கேதான் இருந்தார், தலைமை எழுத்தராக உயர்ந்தார்.

அந்த ஆபீஸில் எல்லாக் கடிதமும் ஆங்கிலத்தில் டைப் ஆகிப் போகும். அமெரிக்காவின் மில்வாக்கியில் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868-ல் காப்புரிமை வாங்கிய மெஷின், 1874-ல் ரெமிங்டன் நிறுவனம் வழியாக விற்பனைக்கு வந்திருந்தது. முத்தையா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஆபீஸ்களில் சாதாரணப் பொருள். ஆனால் தமிழில் ஒரு கடிதம் என்றால் கையால்தான் எழுத வேண்டும். நகல் வேண்டுமென்றால் திரும்பவும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அச்சகத்துக்கு ஓட வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது. டைப் அடிக்க முடியாத மொழி, ஆபீஸுக்குள் நுழைய முடியாது. வீட்டிலும் கோயிலிலும் மேடையிலும் தமிழ் இருக்கும், ஃபைலில் இருக்காது. முத்தையா கையில் எடுத்தது இந்தப் பிரச்சினையைத்தான்.

247 எழுத்து, 46 கீ: கணக்கு எப்படிச் சரியாகும்?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. ஷிஃப்ட் அழுத்தினால் பெரிய எழுத்து. முடிந்தது கதை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. டைப்ரைட்டரில் 46 கீ என்று வைத்துக்கொண்டால், ஷிஃப்ட்டோடு சேர்த்து 92 இடம்தான் கிடைக்கும். அதிலும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் இடம் விட வேண்டும்.

எழுத்துகளை உற்றுப் பார்த்தால் ஒரு வழி தெரியும். கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற ஏழு வரிசைகளில் மட்டும் 126 எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி என நாலே குறிகள் இருந்தால் இவற்றில் பெரும்பாலானதை ஒட்டவைத்துவிடலாம். கௌ-வின் கடைசிப் பகுதிக்கு ள எழுத்தே போதும். கொ வேண்டுமா? கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. அவ்ளோதான்.

சிக்கல் அடுத்துதான். கி, கீ, க் மாதிரியான எழுத்துகளில் குறி பக்கத்தில் நிற்பதில்லை. எழுத்தோடு ஒட்டியோ, தலைக்கு மேலேயோ வரும். டைப்ரைட்டரிலோ ஒரு கீயை அழுத்தியதும் காகிதம் சுற்றியிருக்கும் வண்டி ஒரு இடம் நகர்ந்துவிடும். புள்ளி ஒரு இடத்திலும் எழுத்து இன்னொரு இடத்திலும் விழுந்தால் யார் படிப்பது?

இதற்கு முத்தையா கையாண்ட வழி நகரா விசை. சில கீகளை அழுத்தினால் குறி மட்டும் காகிதத்தில் விழும், வண்டி அசையாது. அடுத்து எழுத்தை அழுத்தினால் அது அதே இடத்தில் வந்து உட்காரும், அதன் பிறகே வண்டி நகரும். கையால் எழுதும்போது க போட்டுவிட்டுப் புள்ளி வைப்போம். மெஷினில் முதலில் புள்ளி, பிறகு க. பிரெஞ்சு போன்ற ஐரோப்பிய மொழி மெஷின்களில் ஒன்றிரண்டு குறிகளுக்கு இந்த உத்தி இருந்தது. தமிழுக்கு அதுதான் அஸ்திவாரமே.

பிடி கொடுக்காத கு, சு, து

எல்லாம் அத்தோடு முடியவில்லை. கு, சு, து, மு என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வால் வேறு மாதிரி. பொதுக் குறி ஒன்றை ஒட்டவைக்க முடியாது. டைப்ரைட்டிங் வகுப்புகளில் பின்னாளில் நிலைத்த விசைப்பலகையில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. க கீயை ஷிஃப்ட்டோடு அழுத்தினால் கு, த-வுக்கு து, ம-வுக்கு மு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தைத் தமிழ் உகரத்துக்கு எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்து எழுத்து முறையும் இன்றைப்போல இல்லை. ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்குத் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935-ல் குடிஅரசு இதழில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு ஏற்றது 1978-ல்தான். முத்தையா காலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு தொல்லை அகலம். சாதாரண டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம். ஒல்லியான ர-வும் குண்டான ண-வும் அதே கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் பழைய தமிழ் டைப் காகிதங்களில் சில எழுத்துகள் நெருக்கியடித்தும், சில தனியாகவும் நிற்கும்.

ஜெர்மனியில் பிறந்த தமிழ் மெஷின்

திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாதே, இரும்பில் செய்ய ஆள் வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த செய்டல் அண்ட் நௌமான் நிறுவனம் வழியாக முத்தையாவின் மெஷின்கள் தயாராகி வந்தன. முதலில் வந்தது மேஜை மேல் வைக்கும் பெரிய ஸ்டாண்டர்ட் மெஷின். அதில் இருந்த குறைகளைச் சரிசெய்து, பிறகு பிஜோ என்ற கையடக்க மெஷினைக் கொண்டுவந்தார். இன்றைய மொழியில் சொன்னால் டெஸ்க்டாப்புக்குப் பிறகு லேப்டாப்.

பிறகு போர் வந்தது. 1939-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதின. மலாயாவும் சிங்கப்பூரும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை, ஜெர்மன் சரக்குக்கு வழியில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரமே குண்டுவீச்சில் சிதைந்தது.

ஆனால் யோசனை தப்பித்துவிட்டது. 1956-ல் தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் நிறைவேறியபோது, அரசு ஆபீஸில் தமிழில் கோப்பு தயாரிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முளைத்தது. யளனகப என்று இடது கையில் பாடம் தொடங்கி, பரீட்சை எழுதி, அரசு வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். குறிப்பாக, வீட்டில் முதல்முதலாகச் சம்பளம் வாங்கிய பெண்களில் பலருக்கு அந்த வகுப்புதான் வாசல். இன்றும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் தட்டச்சர் பணி இருக்கிறது.

இப்போது நாம் அடிப்பது அவருடைய கீபோர்டா?

ஓரளவுக்கு மட்டும். கம்ப்யூட்டரில் வண்டியும் கிடையாது, நகர வேண்டிய அவசியமும் கிடையாது. எழுத்தை ஒட்டவைப்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அதனால் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 என்ற புது அமைப்பு வந்தது. தமிழக அரசும் அதை ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஷிஃப்ட் இல்லாமலே 247 எழுத்தும் வந்துவிடும்.

வித்தியாசத்தை ஒரு சொல்லில் பார்க்கலாம். தமிழ் என்று அடிக்க, பழைய டைப்ரைட்டர் அமைப்பில் ஐந்து தட்டும் வலது கைக்கே விழும். தமிழ்99-ல் அதே ஐந்து தட்டு இரண்டு கைக்கும் பிரியும். அம்மா என்று அடிக்கப் பழையதில் ஐந்து தட்டு. தமிழ்99-ல் அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. நடுவில் இருக்கும் புள்ளி தானாக விழும்.

சரி, கீபோர்டு வாங்கப் போறவங்களுக்கு இதுல என்ன இருக்கு?

முத்தையா முதலில் மெஷினைப் பார்க்கவில்லை. என்ன எழுதப் போகிறோம் என்று பார்த்தார். அதே வரிசையில் போனால் காசு வீணாகாது.

ஸ்விட்ச்: செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகைகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே பதிவாகும், 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். கேமுக்குச் சுகம். பழுப்பு 55 சென்டிநியூட்டன், நடுவில் ஒரு சின்னத் தடங்கல் விரலுக்குத் தெரியும். நீண்ட நேரம் டைப் அடிப்பவர்களுக்கு ஏற்றது. நீலம் 60 சென்டிநியூட்டன், ஒவ்வொரு தட்டுக்கும் க்ளிக் சத்தம். தனி ரூம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அளவு: 104 கீ, 87 கீ, 61 கீ என்று சந்தையில் கிடைக்கிறது. தமிழ்99-ல் ந, ய, ச, ஞ, ழ எல்லாம் அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி, சாய்கோடு கீகளில் இருக்கின்றன. 61 கீ பலகை வரை இவை இருக்கும். அதைவிடச் சின்னது வாங்கினால் ழ-வைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரே நேரத்தில் பல கீ: டைப்ரைட்டரில் இரண்டு கீயைச் சேர்த்து அடித்தால் கம்பிகள் சிக்கிக்கொள்ளும். கேமில் நேர்மாறு. ஓடிக்கொண்டே குதிக்க மூன்று நாலு கீயை ஒன்றாக அழுத்துவோம். எல்லாக் கீயும் ஒரே சமயத்தில் பதிவாகும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கழற்றி மாட்டும் ஸ்விட்ச்: ஒரு கீ கெட்டால் அந்த ஸ்விட்சை மட்டும் மாற்றலாம், சால்டரிங் வேண்டாம். கடலோர ஊரின் ஈரக் காற்றுக்கும் டீ டம்ளருக்கும் நடுவில் வாழ்கிற கீபோர்டுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆன்லைனில் படம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போகலாம். கடையில் கேட்டு, ஒரு பத்து வரி அடித்துப் பாருங்கள். விரல் சொல்லிவிடும்.

கடைசியாக ஒன்று. தமிழ் அடிக்கத் தனிக் கீபோர்டு வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது; செட்டிங்ஸில் போய்ச் சேர்த்தால் போதும், பழகச் சில வாரம் ஆகும். கையில் மெஷின் இல்லாததால் ஆபீஸுக்கு வெளியே நின்ற மொழிக்கு ஒரு கிளார்க் வழி திறந்துவிட்டார். இப்போது மெஷின் எல்லோர் மடியிலும் இருக்கிறது. ஆபீஸ் சாட்டில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதா, தமிழிலேயே தட்டுவதா என்பது மட்டும்தான் நம் முடிவு.