முப்பது மணிநேரக் கடல்: லயனல் வான் பிராக்கின் கதை

1939 செப்டெம்பர் 7, வியாழக்கிழமை, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலகச் சம்பியனைத் தெரிவு செய்யும் இறுதிப் போட்டி நடக்கவிருந்தது. தகுதிச் சுற்றுகள் முடிந்து, அமெரிக்கரான கோர்டி மில்ன் புள்ளிகளில் முன்னணியில் இருந்தார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், செப்டெம்பர் 3ஆம் திகதி, பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. இறுதிப் போட்டி கைவிடப்பட்டது. அந்த ஆண்டின் தேசிய லீக்கும் பாதியில் நின்றுபோனது. மன்செஸ்டரின் பெல் வூ அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. மிகுதிப் போட்டிகள் ஒருபோதும் நடக்கவில்லை.

அந்தப் பருவத்தில் வெம்ப்ளி லயன்ஸ் அணிக்காக ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியரான லயனல் வான் பிராக். மூன்று வருடங்களுக்கு முன்னர் இதே வெம்ப்ளியில் அந்த விளையாட்டின் முதலாவது உலகச் சம்பியனானவர். அந்தப் பட்டத்துக்காகவே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சோதனை எந்த மைதானத்திலும் நடக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்வையாளர்களும் இருக்கவில்லை.

வான் பிராக் 1908 டிசெம்பர் 17ஆம் திகதி சிட்னியில் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில்தான் ஸ்பீட்வேயும் வளர்ந்தது. 1920களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மண் ஓடுதளங்களில் சூடுபிடித்த இந்தப் பந்தயம், 1928 பெப்ரவரியில் லண்டனுக்கு அருகிலுள்ள ஹை பீச்சில் நடந்த போட்டியோடு இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே அங்கு லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன.

ஸ்பீட்வேயை ஒருபோதும் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். நீள்வட்டமான மண் ஓடுதளம். ஒரு பந்தயத்தில் நான்கு பேர், நான்கு சுற்றுகள். லீக் போட்டி என்றால் அணிக்கு இருவர். முதலாவதாக வருபவருக்கு மூன்று புள்ளிகள், அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியாக வருபவருக்கு எதுவுமில்லை. மோட்டார் சைக்கிளுக்கு கியர் ஒன்றுதான். பிறேக் கிடையாது. வளைவுகளில் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பொருத்திய இடது சப்பாத்தை நிலத்தில் உரசியபடி திரும்ப வேண்டும். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு நிறுத்த வழியில்லை, விலகித்தான் போகவேண்டும்.

அன்றைய இங்கிலாந்தில் இது தொழிலாளர்களின் விளையாட்டு. வேலை முடிந்து வரும் மக்கள் மாலை வேளைகளில் மைதானங்களை நிரப்பினார்கள். 1936இல் தேசிய லீக்கில் ஏழு அணிகள் இருந்தன. அவற்றில் ஆறு லண்டனைச் சேர்ந்தவை. ஏழாவதான பெல் வூதான் 1933 தொடக்கம் 1936 வரை நான்கு பருவங்களும் தொடர்ச்சியாகக் கிண்ணத்தை வென்றது. சிறந்த வீரர்களில் பலர் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வான் பிராக் 1931இல் வெம்ப்ளி அணியில் சேர்ந்தார். 1932இல் அந்த அணி தேசிய லீக்கை வென்றது. இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடர்களில் அவர் அவுஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கவும் செய்தார்.

1936 செப்டெம்பர் 10ஆம் திகதி வெம்ப்ளியில் முதலாவது உலகச் சம்பியன் இறுதிப் போட்டி நடந்தது. அதன் விதி சற்று விசித்திரமானது. தகுதிச் சுற்றுகளில் பெற்ற மேலதிகப் புள்ளிகளை ஒவ்வொரு வீரரும் இறுதிப் போட்டிக்குக் கொண்டு வரலாம். அன்றிரவு அவுஸ்திரேலியரான புளூயி வில்கின்சன் தன் ஐந்து ஓட்டங்களையும் வென்று, எவராலும் தோற்கடிக்கப்படாமல் 15 புள்ளிகள் எடுத்தார். ஆனால், மேலதிகப் புள்ளிகளையும் கூட்டியபோது அவருக்குக் கிடைத்தது 25 மட்டுமே. வான் பிராக்கும் பெல் வூவின் எரிக் லாங்டனும் தலா 26 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றார்கள். ஒரு தடவைகூடத் தோற்காதவர் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார்.

சமநிலையை முறிக்க இருவருக்கும் இடையே தனிப் பந்தயம். தொடக்கக் கோட்டில் லாங்டன் முந்திப் பாய்ந்து நாடாவை அறுத்துவிட்டார். வழமையான விதிப்படி அவர் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். பட்டம் ஓடாமலேயே வான் பிராக்கின் கைக்கு வந்திருக்கும். அப்படிக் கிடைக்கும் பட்டம் தனக்கு வேண்டாம், மீண்டும் ஓடுவோம் என்று வான் பிராக் வற்புறுத்தினார் என்பதே இந்த விளையாட்டின் வரலாற்றில் பதிவான செய்தி.

மறுபடி ஓடியபோது முதல் வளைவுக்கு முந்தியவர் லாங்டன். கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை அவரே முன்னால் இருந்தார். அங்கே கிடைத்த சிறு இடைவெளிக்குள் நுழைந்து, ஒரு சில்லின் அளவுக்கும் குறைவான தூரத்தில் வான் பிராக் வென்றார்.

கதை அதோடு முடியவில்லை. பந்தயத்துக்கு முன்னரே இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள், முதல் வளைவுக்கு முந்துபவருக்கே பட்டம், பரிசுப் பணம் இருவருக்கும் சமபங்கு என்று பேசிக்கொண்டார்கள், வான் பிராக் அந்த வாக்கை மீறினார் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. மனச்சாட்சி உறுத்தியதால் அவர் லாங்டனிடம் போய் 50 பவுண் கொடுத்தார் என்றும் சொல்லப்பட்டது. உண்மை அந்த இருவரோடு போய்விட்டது. ஓடாமல் கிடைக்கும் வெற்றியை மறுத்தவர் என்றும், கொடுத்த வாக்கை உடைத்தவர் என்றும் ஒரே இரவை வைத்து ஒரே மனிதரைப் பற்றி இரண்டு கதைகள் நிலைத்துவிட்டன.

அதன் பின்னர் 1937இல் அமெரிக்கரான ஜாக் மில்னும், 1938இல் அதே புளூயி வில்கின்சனும் சம்பியன்களானார்கள். 1939இன் பருவத்தைப் போர் விழுங்கியது. பெல் வூ மைதானத்தில் மட்டும் போர்க்காலம் முழுவதும் பந்தயங்கள் நடந்தன. மற்ற இடங்களில் இயந்திரங்கள் மௌனமாகின. வீரர்கள் தத்தமது நாடுகளுக்கும், படைகளுக்கும், ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் சிதறிப் போனார்கள். பிறேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் அத்தனை வருடங்கள் உயிர் தப்பிய வில்கின்சன், 1940 ஜூலையில் சிட்னியில் ஒரு சாதாரண வீதி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

வான் பிராக் அவுஸ்திரேலிய விமானப் படையில் சேர்ந்து போக்குவரத்து விமானங்களின் விமானியானார். 1942 ஜனவரியில் யப்பானியப் படைகள் தென்கிழக்காசியாவில் தீவு தீவாக முன்னேறிக்கொண்டிருந்தன. அந்த மாத இறுதியில், இன்றைய இந்தோனேசியாவில் சும்பா தீவுக்கும் புளோரஸ் தீவுக்கும் இடைப்பட்ட நீரிணைக்கு மேலாக, அவர் துணை விமானியாக இருந்த டக்ளஸ் ரக விமானத்தை யப்பானியப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின.

கடலில் விழுந்தவர்களில் இருவரால் தாமாகக் கரை சேர முடியாது. வான் பிராக்கும் மற்றைய விமானியான நோயல் வெப்ஸ்டரும் அந்த இருவரையும் விட்டுப் போகவில்லை. சுமார் முப்பது மணிநேரம் அவர்களைத் தாங்கிப் பிடித்தபடி, சுறாக்களை விரட்டியபடி நீந்தினார்கள். கடைசியில் சும்பா தீவின் கரையை அடைந்தார்கள்.

முப்பது மணிநேரம் என்றால் ஒரு முழுப் பகல், ஒரு முழு இரவு, அதற்கும் மேல். ஸ்பீட்வேயில் நான்கு சுற்றுகள் ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். களைத்த கையைச் சற்றே தளர்த்தினால் தான் தப்பலாம் என்ற எண்ணம் அந்த இரவில் எத்தனை தடவை வந்து போயிருக்கும் என்பதைப் போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எமது தீவுக்கும் அந்தப் போர் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ஜாவா. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின.

வான் பிராக்குக்கும் வெப்ஸ்டருக்கும் ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1940இல் உருவாக்கப்பட்ட இந்தப் பதக்கம் முதன்மையாகப் பொதுமக்களின் துணிவுக்கானது. படையினருக்கு வழங்கப்படுவதானால், அது எதிரியின் முன் நின்று போரிட்டதற்காக இருக்கக் கூடாது. உலகச் சம்பியனின் சட்டையில் குத்தப்பட்டது, எவரையும் சுட்டதற்காகவோ வீழ்த்தியதற்காகவோ கிடைத்த பதக்கம் அல்ல. கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்காகக் கிடைத்தது.

போர் முடிந்து 1946இல் தேசிய லீக் மீண்டும் தொடங்கியபோது வெம்ப்ளி அணி சம்பியனானது. மைதானங்கள் முன்னரைவிட அதிகமாக நிரம்பின. பங்கீட்டு அட்டைகளோடும் இடிந்த வீடுகளோடும் வாழ்ந்த மக்களுக்கு அந்த மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன. ஆனால், 1939இன் பட்டியல் நின்ற இடத்திலேயே நின்றது. அதை யாரும் எடுத்து நிறைவு செய்யவில்லை. புதிய பருவம் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. இடைப்பட்ட ஆறு வருடங்களில் ஒரு வீரனின் மிகச் சிறந்த வயது கழிந்துவிடும். அந்த இழப்பைக் குறிக்க எந்தப் பட்டியலிலும் ஒரு நிரல் இல்லை.

போருக்குப் பின்னரும் சில காலம் பந்தயங்களில் ஓடிய வான் பிராக், பிறகு முழுநேர விமானியானார். அவுஸ்திரேலியாவின் அடாஸ்ட்ரா நிறுவனத்தில், வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்து அளக்கும் விமானங்களை ஓட்டினார். 1942இல் அவரைக் கடலில் வீழ்த்திய வானத்துக்கே அவர் திரும்பிப் போய், அமைதிக் காலத்தின் வேலையொன்றை அங்கே செய்தார். 1987 மே 15ஆம் திகதி, 78ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்றும் ஸ்பீட்வே பற்றி எழுதுபவர்கள் அவரைக் குறிப்பிடும்போது 1936இன் அந்தக் கடைசி வளைவைத்தான் முதலில் பேசுகிறார்கள். உடன்பாடு இருந்ததா, வாக்கு மீறப்பட்டதா, உண்மையில் வில்கின்சன்தான் சம்பியனா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. எழுபதாயிரம் பேரளவில் பார்த்துக்கொண்டிருந்த பந்தயத்தைப் பற்றி இத்தனை சந்தேகங்கள். சும்பா நீரிணையில் நடந்ததற்குச் சாட்சிகள் நான்கு பேர் மட்டுமே. அதில் எவருக்கும் சந்தேகம் எழவில்லை, ஏனென்றால் தாங்கிப் பிடிக்கப்பட்ட இருவரும் உயிரோடு கரையேறியிருந்தார்கள்.