வில்லியம் மக்கிரெகர்

நாட்டிற்குச் சட்டம் வகுத்தோர், படை நடத்தினோர், புதுமைகள் கண்டோர் ஆகிய பெரியோர்களுடைய சரிதங்களை நாம் விரும்பிப் படிக்கின்றோம். விளையாட்டிற்கு ஓர் ஒழுங்கு வகுத்த வணிகருடைய சரிதத்தைத் தேடிப் படிப்போர் சிலரே. ஆயினும், குறித்த நாளில், குறித்த மைதானத்தில், குறித்த இரு கட்சியார் தவறாது சந்தித்துக் கால்பந்து ஆடுவதும், ஆண்டு முடிவில் அவ்வாட்டங்களையெல்லாம் கணக்கிட்டு முதல்வரைத் தெரிந்தெடுப்பதும் தாமாக உண்டான வழக்கங்கள் அல்ல. அவை இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்காம் நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருடைய முயற்சியால் நிலைபெற்றவை. அவரே வில்லியம் மக்கிரெகர். அவருடைய வாழ்க்கையையும், அவரால் தோன்றிய கால்பந்து லீக்கின் வளர்ச்சியையும் இங்கே சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மக்கிரெகர் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஸ்காத்லாந்திலே பெர்த் சீமையைச் சேர்ந்த பிரேக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபொழுது, கட்டட வேலைக்கு அவ்வூர்ப் பக்கம் வந்திருந்த கற்றச்சர்கள் ஓய்வு வேளையில் பந்து உதைத்து விளையாடுவதைக் கண்டு அவ்விளையாட்டின்மேல் ஆசைகொண்டார் என்பர். பின்பு அவர் பெர்த் நகரில் ஒரு ஜவுளி வணிகரிடம் தொழில் பயின்றார். 1870-ஆம் ஆண்டில், தமக்கு முன்னரே பர்மிங்காமிற்குச் சென்றிருந்த தமையனாரைப் பின்பற்றித் தாமும் அந்நகரை அடைந்து, ஆஸ்டன் பகுதியில் ஒரு ஜவுளிக்கடை திறந்தார். மதுவை அறவே விலக்கியவர். ஆலய வழிபாட்டிலும் அறப்பணியிலும் சிரத்தையுள்ளவர். சொன்ன சொல் தவறாதவர். இக்குணங்களால் அவர் கடைக்கு நற்பெயர் உண்டாயிற்று. அவர் தாமாகப் பந்தாடியது மிகச் சிறிதே. எனினும் பந்தாட்டக்காரருக்கு வேண்டிய உடைகளையும் அவர் தம் கடையில் விற்று வந்தமையால், நாளடைவில் அக்கடை கால்பந்துப் பிரியர்கள் கூடிப் பேசும் இடமாயிற்று.

அந்நாளில் ஆஸ்டன் வில்லா என்னும் கால்பந்துச் சங்கம் புதிதாகத் தோன்றியிருந்தது. வெஸ்லி சபையைச் சேர்ந்த ஓர் ஆலயத்து வாலிபர்கள், கிரிக்கெட் ஆட்டம் நடவாத குளிர்காலத்திலும் ஒன்றுகூடி விளையாட விரும்பி, 1874-ஆம் ஆண்டில் அதனை ஏற்படுத்தினர். அச்சங்கத்தில் ஸ்காத்லாந்தினர் சிலரும் ஆடினர். ஆலயத் தொடர்பும் தாய்நாட்டார் நட்பும் மக்கிரெகரை அங்கே இழுத்தன. சில ஆண்டுகளுக்குள் அவர் அதன் நிர்வாகிகளுள் ஒருவரானார். 1887-ஆம் ஆண்டில் வில்லா சங்கம் தேசத்துக் கோப்பையை முதன்முறையாக வென்றது. அவ்வெற்றியால் அவர் மகிழ்ந்தாரெனினும், சங்கத்தின் வரவு செலவை அறிந்தவராதலின், வெற்றிக்குப் பின்னிருந்த தொல்லைகளையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அத்தொல்லைகள் எவையெனக் கூறுவோம். கால்பந்து முதலில் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. ஆடுவதற்குக் கூலி பெறுவது இழிவென்று தென்னாட்டுக் கனவான்கள் எண்ணினர். ஆனால் வடக்கிலும் நடுப்பகுதியிலுமிருந்த தொழில் நகரங்களில் ஆலைத் தொழிலாளரே சிறந்த ஆட்டக்காரராயிருந்தனர். வேலையை விட்டு வந்து ஆடும் ஏழைக்குப் பொருளிழப்பு நேரிடுமன்றோ? ஆதலால் சங்கங்கள் அவர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்து வந்தன. 1884-ஆம் ஆண்டில் இதன் காரணமாகப் பிரெஸ்டன் சங்கம் கோப்பைப் பந்தயத்தினின்று விலக்கப்பட்டது. பல சங்கங்கள் பிரிந்து போவோம் என்று எச்சரிக்கவே, ஆட்டத்திற்குத் தலைமை வகித்த புட்பால் அஸோஸியேஷன் 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஆட்டக்காரர் வெளிப்படையாகக் கூலி பெறலாம் என்று இசைந்தது. மறைவிற் செய்வதினும் வெளிப்படையாய்ச் செய்வதே நேர்மை என்று கருதிய மக்கிரெகர் இம்மாறுதலை வரவேற்றார்.

கூலி கொடுக்கும் உரிமை வந்தது. கூலிக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வரும்? வாரந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டுமாயின், வாரந்தோறும் ஆட்டம் நடக்க வேண்டும். ஜனங்களும் காசு கொடுத்துப் பார்க்க வரவேண்டும். ஆனால் அக்காலத்து ஆட்டங்களிற் பல, இரு சங்கங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட நட்பு ஆட்டங்களே. எதிர்க்கட்சியார் கோப்பைப் பந்தயத்திலே புகுந்துவிட்டாலோ, வேறிடத்தில் அதிக வருமானம் கிடைக்குமென்று கண்டாலோ, முன் கொடுத்த வாக்கை எளிதிற் கைவிடுவர். சிலபோது பாதி பலமுள்ள கட்சியை அனுப்பி வைப்பர். மழையிலும் குளிரிலும் காத்து நின்ற ஜனங்கள் ஏமாந்து வீடு திரும்புவர். கோப்பைப் பந்தயமோ ஒரு தோல்வியோடு முடிந்துவிடுவது. 1888-ஆம் ஆண்டு ஜனவரியில் வில்லா சங்கம் தன் மைதானத்திலேயே பிரெஸ்டனுக்குத் தோற்றுக் கோப்பையை இழந்தபொழுது, பருவகாலத்தில் பல வாரங்கள் எஞ்சியிருந்தன. அவ்வாரங்களில் ஜனங்களை ஈர்க்கத்தக்க ஆட்டம் யாது?

கடையைத் திறப்பதாகச் சொன்ன நாளில் திறவாத வணிகன் வாடிக்கையை இழப்பான் என்பதை மக்கிரெகர் அறிவார். கிரிக்கெட் ஆட்டத்தில் கோட்டத்தார் முன்கூட்டியே நாட்களை நிச்சயித்து ஆடி வந்த முறை அவர் கண்முன் இருந்தது. அதுபோலக் கால்பந்திலும் செய்யலாகாதா என்று அவர் ஆராய்ந்தார். 1888-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள், பிளாக்பர்ன், போல்டன், பிரெஸ்டன், வெஸ்ட் பிராம்விச் ஆகிய சங்கங்களுக்கும், தம்முடைய வில்லா சங்கத்திற்கும் ஒரு கடிதம் எழுதினார். முதன்மையான சங்கங்கள் பத்தோ பன்னிரண்டோ ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு தன் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் ஆடுவதென்று உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதே அக்கடிதத்தின் கருத்து.

மார்ச்சு 23-ஆம் நாள், கோப்பையின் இறுதிப் பந்தயத்திற்கு முந்திய மாலையில், லண்டனில் பிளீட் வீதியிலிருந்த ஆண்டர்ட்டன் விடுதியில் முதற்கூட்டம் கூடிற்று. ஏப்ரல் 17-ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து ராயல் விடுதியில் ஏற்பாடு முடிவாயிற்று. அக்கிரிங்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன் என வடக்கே லங்காஷயரிலிருந்து ஆறு சங்கங்களும். ஆஸ்டன் வில்லா, டெர்பி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச், உல்வர்ஹாம்ப்டன் என நடுநாட்டிலிருந்து ஆறு சங்கங்களும் அதிற் சேர்ந்தன. தெற்கிலிருந்து ஒன்றேனும் சேரவில்லை. இடம் வேண்டி வந்த வேறு சில சங்கங்கள், ஆட்டத்திற்கு நாள் போதாமையால் ஏற்கப்படவில்லை.

பெயரிடும்பொழுது ஒரு சிறு வேற்றுமை எழுந்தது. லீக் என்னும் சொல் மக்கிரெகருக்குப் பிடிக்கவில்லை. அயர்லாந்தில் நிலக்கிளர்ச்சி நடத்திய லாண்டு லீக்கை அது நினைப்பூட்டும் என்று அவர் அஞ்சினார். ஆயினும் மற்றையோர் அதனையே விரும்பியதால் தம் கருத்தை விட்டுக்கொடுத்தார். பெயர் தமதாக வேண்டும் என்பதினும் காரியம் நடைபெற வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் லீக்கின் முதல் ஆட்டங்கள் ஐந்து இடங்களில் நடைபெற்றன. வில்லா சங்கம் உல்வர்ஹாம்ப்டனில் ஆடி ஒன்றுக்கொன்று கோல் என்ற கணக்கில் சமநிலை பெற்றது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்னும் விதி நவம்பர் மாதத்திலேதான் தீர்மானிக்கப்பட்டது என்பது நமக்கு வியப்பைத் தரும். கணக்கிடும் முறை பிந்தி வந்தது. நாள் தவறாது ஆடுவது என்னும் உறுதிமொழியே முந்தி வந்தது. அவ்வாண்டில் பிரெஸ்டன் சங்கம் 22 ஆட்டங்களில் 18 வென்று, 4 சமநிலையில் முடித்து, ஒன்றிலும் தோலாமல் 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. அதே ஆண்டில் கோப்பையையும் வென்றது. வில்லா சங்கம் 29 புள்ளிகளுடன் இரண்டாவதாக நின்றது.

லீக்கின் முதல் தலைவராய் அமர்ந்த மக்கிரெகர் 1892-ஆம் ஆண்டுவரை அப்பதவியை வகித்தார். அவருடைய ஏற்பாட்டில் ஒரு குறை இருந்ததை நாம் மறைத்தல் தகாது. பன்னிருவர் தம் நன்மைக்காகக் கூடினர். வெளியே நின்றவர் வருந்தினர். இடம் பெறாத சங்கங்கள் 1889-ஆம் ஆண்டில் அலையன்ஸ் என்னும் வேறொரு கூட்டத்தை அமைத்தன. 1892-ஆம் ஆண்டில் லீக் அதனைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, 16 சங்கங்கள் கொண்ட முதற்பிரிவும் 12 சங்கங்கள் கொண்ட இரண்டாம் பிரிவுமாக விரிந்தது. தொடக்கத்தில் கடைநிலையிலுள்ளோர் மறுபடியும் இடம் பெற மற்றவர்களுடைய வாக்கை வேண்டி நிற்பர். 1898-ஆம் ஆண்டிற்குப் பின்னர், இரண்டாம் பிரிவில் முந்தியோர் மேலேறவும், முதற்பிரிவில் பிந்தியோர் கீழிறங்கவும் நிலையான விதி ஏற்பட்டது. ஆகவே, சிறிய ஊரின் சங்கமும் தன் திறமையால் முதலிடத்தை எட்டலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. சிலருக்கென்று கட்டிய வீட்டிற்குக் கதவு வைத்தது இவ்விதியே எனலாம்.

மக்கிரெகர் புட்பால் அஸோஸியேஷனிலும் உயர்பதவி வகித்தார். 1895-ஆம் ஆண்டில் லீக்கின் ஆயுள் உறுப்பினராகக் கௌரவிக்கப்பட்டார். அவர் வாழ்நாளில் வில்லா சங்கம் லீக்கை ஆறு முறையும் கோப்பையை நான்கு முறையும் வென்றது. 1897-ஆம் ஆண்டில் அவ்விரண்டையும் ஒருங்கே வென்றது. இவ்வளவு புகழ் வந்தும் அவர் தம் ஜவுளிக்கடையையும் எளிய வாழ்க்கையையும் விடவில்லை. 1908-ஆம் ஆண்டில் மனைவியாரை இழந்தார். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், தமது 65-ஆம் வயதில் பர்மிங்காமிலே உயிர் துறந்தார். ஹாண்ட்ஸ்வொர்த்துப் புனித மரியாள் ஆலயத்தில் மனைவியாரின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் என்னும் அறிஞர் துயில்வதும் அவ்வாலயத்திலேதான். வில்லா மைதானத்திற்கு வெளியே மக்கிரெகருக்கு 2009-ஆம் ஆண்டில் சிலை நாட்டப்பட்டது.

அவர் நட்ட விதை பல தேசங்களில் முளைத்தது. 1890-ஆம் ஆண்டில் அவருடைய தாய்நாடாகிய ஸ்காத்லாந்திலும், 1898-ஆம் ஆண்டில் நம் தேசத்துக் கல்கத்தா நகரிலும் லீக்குகள் தொடங்கின. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 1929-ஆம் ஆண்டிலும், மேற்கு ஜெர்மனியில் 1963-ஆம் ஆண்டிலும் தேசம் முழுவதற்குமான லீக்குகள் எழுந்தன. மக்கிரெகர் விரும்பாத அப்பெயரே லிகா என்றும் புண்டெஸ்லிகா என்றும் உருமாறி உலகெங்கும் வழங்குவது விதியின் விளையாட்டுப் போலும்!

இங்கிலாந்திலோ 1992-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பிரிவினை உண்டாயிற்று. முதற்பிரிவிலிருந்த 22 சங்கங்களும் பழைய லீக்கினின்று விலகிப் பிரிமியர் லீக் என்னும் புதிய அமைப்பைத் தொடங்கின. தொலைக்காட்சியால் வரும் பெரும்பொருளைக் கீழ்ப்பிரிவினரோடு பகிர மனமின்மையே அதற்கு முதற்காரணம். அவ்வாறு விலகினவற்றுள் ஆஸ்டன் வில்லாவும் ஒன்று. நூறாண்டிற்கு மேலாக முதலிடம் வகித்த பழைய லீக் அன்றுமுதல் இரண்டாம் படிக்கு இறங்கிற்று. ஆயினும் மேலேறவும் கீழிறங்கவும் உள்ள வழி அடைபடவில்லை.

மக்கிரெகரும் பணத்தை எண்ணியே லீக்கை ஏற்படுத்தினார் என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் அவர் எண்ணியது ஆட்டக்காரனுடைய வாரக்கூலியையும், காசு கொடுத்து நிற்கும் தொழிலாளி ஏமாறாதிருத்தலையுமே. பொருள் வேண்டும், அது கொடுத்த வாக்கைக் காப்பதற்குத் துணையாக வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம். வருவதாகச் சொன்ன மாலையில் மைதானத்திற்கு வாராத நண்பனால் ஆட்டம் கெடுவதை நம் மாணவர் யாவரும் அறிவர். அச்சிறு குறையைச் சிறிதென்று தள்ளாமல் தீர்க்க முயன்றமையால், ஒரு சிற்றூர் வணிகர் உலகத்தார் யாவர்க்கும் பயன்படும் ஓர் ஒழுங்கை விட்டுச் சென்றார்.