கம்பியில்லாத் தந்தியும் மார்க்கோனியும்

இத்தாலியின் பொலோனா நகரில் 1874இல் பிறந்த குலியெல்மோ மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். 1895இல், பொன்தெக்கியோவிலுள்ள தந்தையாரின் இல்லத்தில் அவர் அமைத்த அனுப்பி மிக எளியது: மின்கலம், தூண்டற் சுருள், தீப்பொறி பாயும் உலோகக் குண்டுகள், மோர்ஸ் சாவி. இவற்றுள் ஒன்றேனும் அவர் புதிதாய்க் கண்டதன்று. மின்காந்த அலைகளை முன்னரே ஆய்ந்து காட்டியவர் ஜேர்மனியரான ஹேர்ட்ஸ். ஆயின், பொறியிடைவெளியின் ஒரு முனையை நிலத்துடன் தொடுத்து, மறுமுனையை உயரத் தூக்கிய உலோகத் தகட்டுடன் இணைத்தாரே, அதனையே நாம் அவரது தனிச்சிறப்பெனக் கொள்வோம். அதன்பின் குறிகள் குன்றையுங் கடந்தன. அப்பால் நின்றோர் துப்பாக்கி வேட்டினால் அதனை அறிவித்தனர் என்பர்.

1901 டிசெம்பர் 12இல், நியூபவுண்லாந்திலே பட்டம் ஏந்திய கம்பியின் வழியாக, அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். ஐயுறுவோர் இன்றும் உளர். அடுத்த ஆண்டே கப்பலிற் சென்று, தூரத்துக் குறிகளைக் காகித நாடாவிற் பதிப்பித்துக் காட்டினார். 1909இல் நோபெல் பரிசு அவருக்கும் பிரவுனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிற்காலத்தில் முசோலினியைச் சார்ந்து நின்றமை நமக்கு உவப்பானதன்று. 1937இல் அவர் மறைந்தபோது வானொலி நிலையங்கள் இரு நிமிடம் மௌனங் காத்தன.