ஐஸ் ஹவுஸைத் தந்த ஃப்ரெடரிக் டியூடரும் நம் வீட்டு ஏசியும்



கோடை வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் தர்ப்பூசணி குவிந்துவிட்டது. நம் வளாகத்தில் ஏசி மெக்கானிக்கின் பைக் தினமும் நிற்கிறது. இந்த நேரத்தில், வெயிலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்ற ஒரு வியாபாரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயர் ஃப்ரெடரிக் டியூடர். ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். நமக்குச் சம்பந்தமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மெரினா கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை நாம் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்கிறோம் அல்லவா? அந்தக் கட்டடம் 1842இல் எழுந்தது இவருடைய ஐஸ் வியாபாரத்துக்காகத்தான்.

டியூடர் 1783இல் பிறந்தார். அப்பா வசதியான வக்கீல். சகோதரர்கள் ஹார்வர்டில் படித்தார்கள். இவர் 13 வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார். 1801இல் உடல்நலம் குன்றிய சகோதரரை அழைத்துக்கொண்டு கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். சகோதரர் பிழைக்கவில்லை. ஆனால் வெப்ப நாட்டுப் புழுக்கம் எப்படி இருக்கும் என்பது அப்போது அவருக்குத் தெரிந்தது.

பாஸ்டன் பக்கத்தில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். நம் சேலையூர் ஏரியையும் பீர்க்கன்காரணை ஏரியையும் பார்த்துப் பழகிய நமக்கு அதைக் கற்பனை செய்வதே சிரமம். அந்தப் பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று டியூடர் கணக்குப் போட்டார். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், காகிதத்தில் அது அருமையான திட்டம். சரக்கு இலவசம். அதைச் சுற்ற வைக்கோலோ மரத்தூளோ அநேகமாக இலவசம். தெற்கே போகும் கப்பல்கள் பல காலியாகவே போவதால் வாடகையும் குறைவு.

ஊர் சிரித்தது. கப்பல்காரர்கள் யாரும் சரக்கை ஏற்ற முன்வரவில்லை. 1806இல் டியூடர் தானே ஒரு கப்பலை வாங்கி, 130 டன் ஐஸை மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். ஐஸ் நல்ல நிலையில்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதைப் பத்திரப்படுத்தக் கிடங்கு இல்லை. வாங்கியவர்களுக்கும் ஐஸை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சரக்கு தண்ணீராக ஓடியது. பெரும் நஷ்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், நானும் பி.காம். தான். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஐஸிலிருந்து குளிர் வெளியே போவதில்லை. வெளியிலிருக்கும் வெப்பம்தான் உள்ளே போகிறது. வெப்பம் தானாகப் போனால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும், நம் மாடித் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாய்க்கு இறங்குவதைப் போல. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருக எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? ஜில்லிட்ட ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கத் தேவைப்படும் அதே அளவு. இத்தனை வெப்பத்தை விழுங்கியும் ஐஸின் சூடு பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த விஷயம் இது. உள்ளுறை வெப்பம் என்று பெயர். டியூடரின் பிழைப்பே இதில்தான் இருந்தது. வெப்பம் உள்ளே வரும் வேகத்தைக் குறைத்துவிட்டால் போதும், ஐஸ் மெதுவாகத்தான் உருகும்.

ஆனால் அந்த வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ளப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் கடன்காரர்கள் துரத்தினார்கள். கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1815இல் மறுபடி கடன் வாங்கிக்கொண்டு ஹவானாவுக்குப் புறப்பட்டு, அங்கே கிடங்கு கட்டினார். வைக்கோல், மரச்சீவல், கம்பளி என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று அளந்து குறித்துக்கொண்டார். கடைசியில் ஜெயித்தது மரத்தூள். தூளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் மார்க்கெட்டில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியிலும் வேலை செய்வது அடைபட்ட காற்றுதான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. ஒன்று, ஐஸ் கட்டிகளை இடைவெளி இல்லாமல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு மீட்டர் கனக்கட்டி ஒன்றுக்கு ஆறு சதுர மீட்டர் பரப்பு வெளியே தெரியும். எட்டுக் கட்டிகளைச் சேர்த்து ஒரே பெரிய கட்டியாக்கினால் வெளியே தெரிவது 48 அல்ல, 24 சதுர மீட்டர்தான். வெப்பம் நுழையும் வாசல் பாதியாகிவிடுகிறது. 1820களில் நதானியேல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் அறுப்புக் கருவியைச் செய்து கொடுத்த பிறகு, செங்கல் போல ஒரே அளவில் கட்டிகள் கிடைத்தன, அடுக்குவது சுலபமாயிற்று. இரண்டாவது, உருகிய தண்ணீரை உடனே வடித்துவிட வேண்டும். மரத்தூள் நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். பிறகு அது வெப்பத்தைத் தடுக்காது.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. நாற்பது சதவீதத்துக்கு மேல் கரைந்தும் வியாபாரம் நின்றது என்றால், சரக்கின் அடக்க விலை எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்கத்தா அதிகாரிகள் சுங்க வரியை விலக்கி, வெயில் இல்லாத இரவு நேரத்தில் இறக்கவும் அனுமதித்தார்கள்.

இதற்குள் டியூடர் காப்பிக் கொட்டை சூதாட்ட வியாபாரத்தில் இறங்கி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் இழந்திருந்தார். அந்தக் கடனைப் பல வருடங்கள் பிடித்து அடைத்துத் தீர்க்க உதவியது ஐஸ் வியாபாரம்தான். அதில் இந்தியாவின் பங்கு பெரியது. கல்கத்தா, பம்பாய், நம் மதராஸ் மூன்றிலும் கிடங்குகள் வந்தன. மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும்; சரக்கு மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். ஐஸ் ஹவுஸ் கடலோரமாக எழுந்ததன் காரணம் உங்களுக்கே புரியும். ஹென்றி டேவிட் தோரோ வாழ்ந்த வால்டன் ஏரியிலும் டியூடரின் ஆட்கள் 1846-47 குளிர்காலத்தில் ஐஸ் அறுத்தார்கள். தன் ஏரித் தண்ணீர் மதராஸ் வரை போவதைப் பற்றி அவர் தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்.

டியூடர் ஐம்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு, ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, 1864இல் வசதியாகக் கண்ணை மூடினார். 1874இல் மதராஸிலேயே நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யும் கம்பெனி வந்தது. கப்பல் ஐஸுக்கு மவுசு போயிற்று. காலியான கிடங்கை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில்தான். பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் விதவைப் பெண்கள் விடுதியும் அங்கே நடந்தது. மற்ற இரண்டு ஊர்க் கிடங்குகளும் போய்விட்டன; நம்முடையது நிற்கிறது.

டியூடரின் கணக்கு நம் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஏசி வாங்கும்போது ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்று கடைக்காரர் கேட்கிறார் அல்லவா? அது ஏசியின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை அந்த ஏசி அறையிலிருந்து இழுக்கும் என்று பொருள். இது அமெரிக்க டன், சுமார் 907 கிலோ. ஒன்றரை டன் ஏசியை ஒரு நாள் முழுக்க ஓட்டுவது, அறைக்குள் ஏறக்குறைய 1,360 கிலோ ஐஸை உருக்குவதற்குச் சமம்.

இழுத்த வெப்பம் காணாமல் போய்விடுவதில்லை. செலவழித்த மின்சாரமும் வெப்பமாகி, இரண்டும் சேர்ந்து வெளியே இருக்கும் யூனிட் வழியாக வருகிறது. வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தள்ளுவது, கீழ்த்தொட்டித் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுவதைப் போல. மோட்டார் ஓடினால்தான் நடக்கும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் சமையலறை குளிராது, இன்னும் சூடாகத்தான் ஆகும் என்பதும் இதனால்தான். உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் துரத்துவதற்குப் பைசா பைசாவாகக் கரண்ட் பில் கட்ட வேண்டும். வரும் வழியிலேயே தடுத்துவிட்டால் செலவு ஒரு முறைதான்.

டியூடர் நம் வளாகத்துக்கு வந்தால் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவார். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயிலை மேல் மாடிக்காரர்கள் இரவெல்லாம் அனுபவிக்கிறார்கள். அந்த வீடுகளில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு முன் தளத்தின் கசிவை அடைக்க வேண்டும். நனைந்த மரத்தூளின் கதையை மறந்துவிடாதீர்கள். அடுத்து, மேற்குப் பார்த்த ஜன்னல்களுக்குத் தட்டியை வெளியே கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்ததுதான். திரைச்சீலை அதைக் கொஞ்சமே தடுக்கும். ஏசியின் செம்புக் குழாய் மேல் இருக்கும் கறுப்பு நுரை உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அந்த உறைதான் உங்கள் வீட்டு மரத்தூள். வெளி யூனிட்டுக்கு முன்னால் பழைய சாமான்களை அடுக்காதீர்கள்.

மொட்டை மாடிப் பூச்சுக்கு ஆகும் செலவு மேல் மாடிக்காரர்களின் சொந்தச் செலவு என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். கூரை எல்லோருக்கும் பொது. இந்தப் பூச்சைப் பராமரிப்பு நிதியிலிருந்து செய்யலாமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். கத்திரி தொடங்குவதற்குள் முடிவெடுத்தால் இந்த வருடமே பலன் கிடைக்கும். வாருங்கள், பேசி முடிவெடுப்போம்.